நாற்பத்தெட்டு எண்கள்

அவளுடைய லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து முதன்முதலில் ஓடவிட்டது நான்தான். உப்பளம் பகுதியில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது நடந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, பென்ஷன் கடிதம் ஆகியவற்றைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் மாற்றித் தருவது எங்கள் தொழில். அலுவலகம் ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சு ஆசிரியருடையது. தெருவே கூப்பிடுகிற மாதிரி நாங்களும் அவரை முசியே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். அவரைத் தவிர நாங்கள் இரண்டு பேர். ஒரே வயது, ஒரே கல்லூரி, எதிரெதிர் மேசை.

திரை மொழி கேட்டது, நேரம் கேட்டது, கடைசியில் ஒரு கணக்கு கேட்டது.

"உன் மெயில் ஐடி சொல்லு" என்றேன்.

"எதுக்கு?"

"அது இல்லாம உள்ள போவ வுடாது போலிருக்குது."

"வீட்டுக்கு மிக்ஸி வாங்கினேன். அது என் பேரு, பொறந்த தேதியெல்லாம் கேட்டுச்சா? இது மட்டும் எதுக்குக் கேக்குது?"

அவள் அப்படித்தான். கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவாள். போட்டோக்களைப் போனைத் தாண்டி எங்கேயும் ஏற்ற மாட்டாள். அவள் அத்தா பெரிய மார்க்கெட் பக்கம் துணிக்கடை வைத்திருந்தவர். மகள் பேருக்கு வந்த கடிதத்தைப் பிரிக்காமல் மகள் கையில் கொடுக்கிற தகப்பன். எங்கள் வீடு தவளக்குப்பத்துக்கு அப்பால், நிலமும் மாடுமாக இருந்த வீடு. எங்களுக்குக் கடிதம் வந்தால் யார் கையில் கிடைக்கிறதோ அவர்கள் சத்தமாகப் படிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்பார்கள். அதனால் அவளுடைய பிடிவாதம் எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் பெரிய இடத்துப் பழக்கமாகவும் தெரிந்தது.

"சரி, என் கணக்கைப் போட்டுடறேன். உள்ள போனப்புறம் எடுத்துடலாம்" என்றேன்.

அப்படியே செய்தேன். உள்ளே போனதும் அவளுக்குத் தனி நுழைவு ஏற்படுத்தி, ரகசிய எண்ணை அவளையே போடச் சொல்லி, என் கணக்கை நீக்கிவிட்டேன். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரத்தில் மெஷின் தன் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் தானே பூட்டிக்கொண்டு, அவசரத்துக்கு உதவும் என்று பூட்டுச் சாவியின் நகல் ஒன்றை இணையத்தில் இருந்த என் கணக்குக்கு அனுப்பிவைத்திருந்தது. நாற்பத்தெட்டு எண்கள் கொண்ட சாவி. லேப்டாப்பிலிருந்து என் பெயரை எடுத்த பிறகும் அந்த நகல் அங்கேயே இருக்கும் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மூன்று வருடம் தெரியாமலே இருந்தோம்.

அந்த மூன்று வருடத்தில் என்னுடைய பொறாமை வளர்ந்தது. அதற்கு முன்னாலும் இருந்திருக்கும். ஆனால் அதற்கு அந்தப் பெயரை நான் வைக்கவில்லை. பென்ஷன் விஷயமாக வரும் ஒரு வயதான அம்மா இருந்தார். இறந்துபோன கணவருடைய பட்டாளத்துக் கடிதங்களை மொழிபெயர்க்கக் கொண்டுவருவார். நான் படித்துக் காட்டினால் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்பார். அதே கடிதத்தை அவள் படித்துக் காட்டினபோது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த தடவையிலிருந்து நேராக அவள் மேசைக்கே போனார். முசியேயும் சுலபமான சான்றிதழ்களை என் பக்கம் தள்ளிவிட்டு, கையெழுத்துப் புரியாத பழைய பத்திரங்களை அவளிடம் கொடுப்பார். "மத்ததெல்லாம் நீங்க வேகமா முடிச்சுடுவீங்கம்மா" என்று என்னிடம் சொல்வார். வேகம் என்ற வார்த்தை எனக்குப் பிடிக்காமல் போனது அப்போதுதான்.

அலுவலக வேலை போக, நாங்கள் இருவரும் தனித்தனியே கதைகளையும் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம். அவள் எடுத்துக்கொண்டது ஒரு குறுநாவல். ஒருநாள் அதிலிருந்து இரண்டு பக்கம் அச்செடுத்து வந்து என் மேசையில் வைத்தாள்.

"பாத்துச் சொல்லு. 'புழுக்கம்'னு ஒரு வார்த்தை வருது பாரு. அதுல ரெண்டு மாசமா மாட்டிக்கிட்டிருந்தேன்."

அந்த வார்த்தையில் நானும் மாட்டியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முந்தின நாளின் காற்றில்லாத வெக்கையும் அதுதான், வாய்விட்டுச் சொல்ல முடியாமல் மனசுக்குள் வேகிறதும் அதுதான். பிரெஞ்சில் ஒன்றைச் சொன்னால் மற்றது போய்விடும். அவள் அந்த வார்த்தையையே விட்டுவிட்டிருந்தாள். அதற்குப் பதிலாக, கதையில் வரும் பெண் கொண்டையை அவிழ்த்து, திரும்ப முடிந்து, திரும்ப அவிழ்க்கிறாள் என்று ஒரே ஒரு சின்ன வாக்கியம். வெக்கையும் வந்துவிட்டது, மனசும் வந்துவிட்டது.

"நல்லாருக்குது" என்றேன். "கொஞ்சம் சுதந்திரமா எடுத்திருக்கே, பரவாயில்ல."

பரவாயில்லை என்று சொன்ன வாயோடு அன்று தவளக்குப்பம் பஸ்ஸில் போனேன். அரியாங்குப்பம் பாலம் தாண்டுகிறவரை அந்த வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அது என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவளை எனக்குப் பிடிக்காமல் இல்லை. பிடிக்காதவளாக இருந்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

பிரான்சின் தென்பகுதியில் மொழிபெயர்ப்பாளர்களுக்கென்று ஒரு தங்குமிடம் இருப்பது எங்களுக்குத் தெரியும். தேர்ந்தெடுக்கப்பட்டால் மூன்று மாதம் அங்கே தங்கி எழுதலாம். இரண்டு பேரும் பத்துப் பத்துப் பக்கம் மாதிரியாக அனுப்பினோம். பதில் இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. எனக்கு மூன்று வரி, நன்றி சொல்லி. அவளை இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாற்பது பக்கம் அனுப்ப வேண்டும். பத்து நாள் கெடு.

முசியே எழுந்து நின்று கை தட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "அவங்க ஃபைலையெல்லாம் இந்தப் பத்து நாள் நீங்க பாத்துக்குங்கம்மா" என்றார். அவள் என் பக்கம் திரும்பி, "உனக்கு என்னா வந்துச்சு?" என்றாள். சொன்னேன். என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையைத் தட்டிவிடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் அவள் விடுப்பு. காலை பதினோரு மணி இருக்கும், போன் வந்தது. குரல் வேறு மாதிரி இருந்தது.

"லேப்டாப் தொறக்க மாட்டேங்குது. ராத்திரி என்னாவோ அப்டேட்டுன்னு ஓடுச்சு. காலைல பாத்தா நீலத் திரை. நாப்பத்தெட்டு நம்பர் ரெகவரி கீ போடச் சொல்லுது. ரிப்பேர் கடையில இருக்கேன்."

கடைக்காரர் பின்னால் பேசுவது கேட்டது. முதலில் எந்தக் கணக்கில் திறந்தீர்களோ அங்கேதான் சாவி இருக்கும், அது இல்லையென்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"உன் கணக்குதானே அன்னிக்குப் போட்டோம்? கொஞ்சம் பாரேன்" என்றாள்.

அலுவலகக் கணினியில் என் கணக்கைத் திறந்தேன். தேடித்தேடி அந்தப் பக்கத்துக்குப் போனேன். இரண்டு மெஷின்கள் பட்டியலில் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்றின் பெயர், அன்றைக்கு அவளுக்காக விளையாட்டாக நானே வைத்த பெயர். சாவிக்கு ஓர் அடையாள எண் உண்டு, அதைப் படிக்கச் சொன்னேன். அவள் திரையைப் பார்த்து எட்டு எழுத்துகளைப் படித்தாள். அதே எட்டு எழுத்துகள் என் முன்னால் இருந்தன. பக்கத்தில் நாற்பத்தெட்டு எண்கள், ஆறு ஆறாக.

அவளுடைய நாவல் முழுவதும் அந்த எண்களுக்குப் பின்னால் இருந்தது. தன் எழுத்தை வேறெங்கோ இருக்கிற கம்ப்யூட்டரில் வைக்க மாட்டேன் என்று இணையத்தில் அவள் ஒரு பக்கம்கூடச் சேமித்ததில்லை. மெயிலில் அனுப்பிய அந்தப் பத்துப் பக்கம்தான் வெளியே இருந்தது. எழுத்து வெளியே போகவில்லை. சாவி போயிருந்தது, அதுவும் என்னிடம்.

"இருக்குதா?" என்றாள்.

"இல்லயே."

இது என் வாயிலிருந்து வந்த சொல். யோசித்துச் சொன்னதா, யோசிக்காமல் வந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேன். என் மெஷின் மட்டும்தான் காட்டுது."

பின்னால் கடைக்காரர் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார்.

"சரி" என்றாள். போன் அணைந்தது.

பக்கத்தை மூடிவிட்டு ஒரு இறப்புப் பதிவை எடுத்து வேலையைத் தொடர்ந்தேன். ஒருநாள்தானே, ஒருநாள் தவிக்கட்டும் என்று நினைத்தேன். நாளைக்குக் கொடுத்துவிடலாம். வேறொரு மெயிலில் இருந்தது, இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லலாம். அவள் நன்றி சொல்வாள், அந்த நன்றியும் எனக்கு வேண்டியிருந்தது.

மறுநாள் காலை அந்த எண்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை இரண்டு தடவை ஒத்திகை பார்த்தேன். உப்பளத்தில் இறங்கி, நிழலில் நின்று போன் செய்தேன்.

"கீ விஷயமா..." என்று தொடங்கினேன்.

"அது முடிஞ்சிடுச்சு. நேத்து சாயங்காலமே அழிச்சுப் புதுசாப் போட்டுக் குடுத்துட்டாங்க. இன்னும் எத்தினி நாள் இருக்குது? வேற லேப்டாப்புக்கு எங்க போவேன்? என்னா சொல்ல வந்தே?"

"ஒண்ணுமில்ல. ஆச்சான்னு கேக்கத்தான்."

அப்போது எனக்குள் முதலில் வந்தது துக்கம் இல்லை. இதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். முதலில் வந்தது ஒரு லேசான உணர்வு, தலையிலிருந்து சுமையை இறக்கினது போல. இனி அந்தப் பக்கங்கள் இல்லை, நானும் அவளும் ஒரே இடத்தில் நிற்கிறோம் என்பது போல. சில அடி நடந்த பிறகுதான் பயம் வந்தது. தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து அலுவலகக் குப்பைக்கூடையில் போட்டேன். பிறகு அதில் சிலவற்றைத் திரும்ப எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவள் பார்த்துவிடுவாளோ என்று. அவள் விடுப்பில் இருந்தாள், அலுவலகத்துக்கே வரவில்லை.

மெயிலில் இருந்த பத்துப் பக்கம் போக, மீதி முப்பது பக்கத்தை அவள் திரும்ப மொழிபெயர்க்க உட்கார்ந்தாள். அவள் கணவருக்கு எங்கள் ஊரிலேயே உள்ள மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. அவர்தான் சமைத்து வைத்துவிட்டுப் போகிறார் என்று போனில் சொன்னாள். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மதியம் கூப்பிட்டாள்.

"உன்கிட்ட ரெண்டு பக்கம் குடுத்தேனே, ஞாபகம் இருக்குதா? தாள் உன்கிட்ட இருக்குதா?"

"தாளை அன்னிக்கே திருப்பிக் குடுத்துட்டேனே."

"ஆமா, குடுத்துட்டே. எங்க வெச்சேன்னு தெரியல. அந்தப் புழுக்கம், அதுல என்னா எழுதினேன்னு சுத்தமா மறந்துபோச்சு. கொண்டைன்னு மட்டும் ஞாபகம் இருக்குது. எப்படிப் போட்டாலும் அது வரமாட்டேங்குது."

எனக்கு மறக்கவில்லை. ஒரு காற்புள்ளிகூட மறக்கவில்லை. பொறாமை எனக்கு அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தது. நான் சொன்னேன். அந்த வாக்கியம், அதற்கு முன் உள்ளது, பின் உள்ளது, கிட்டத்தட்ட இரண்டு பக்கமும். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. ஓர் இடத்தில் என் நாக்கு தயங்கியது. ஒரு வினைச்சொல்லை மாற்றிச் சொல்லியிருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது. மாற்றவில்லை. அதற்காக என்னை மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை, முப்பது பக்கத்தில் இரண்டு பக்கம் அது.

"எப்படிடீ இவ்வளவு ஞாபகம் வெச்சிருக்கே?" என்றாள்.

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

கெடுவுக்குள் அனுப்பிவிட்டாள். அடுத்த மாதம் தேர்வானதாகக் கடிதம் வந்தது. முசியே மறுபடியும் எழுந்து நின்று கை தட்டினார். "பாத்தீங்களா, கஷ்டத்துல செஞ்சது மொதல்ல செஞ்சதைவிட நல்லா அமைஞ்சிருக்கும்" என்றார்.

"இல்ல முசியே" என்றாள் அவள். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. மொதல்ல இருந்ததுதான் நல்லா இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. விசாவுக்காகப் பணிச் சான்றிதழ் வாங்கிப் போக அவள் வந்த அன்று, முசியே வெளியே போயிருந்த நேரம் பார்த்துச் சொன்னேன். உட்காரச் சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். நின்றுகொண்டே சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு அந்தக் கீ என் கணக்குல இருந்துச்சு. நான் பாத்தேன். இல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் கையில் இருந்த உறையை மேசைமேல் வைத்தாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"அந்தத் திரையிலேயே காட்டுச்சு. எந்த மெயிலுக்குப் போயிருக்குதுன்னு மொத ரெண்டு எழுத்து மட்டும், மீதியெல்லாம் புள்ளி. உன் எழுத்துதான் அது. அதப் பாத்துட்டுத்தான் உனக்குப் போன் பண்ணேன்."

"அப்ப ஏன் கேக்கல? அதட்டிக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

"நல்லாப் பாத்தியான்னு கேட்டேனே."

கேட்டாள்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அழுகை வந்தது, ஆனால் அவள் முன்னால் அழுவது அவளிடமிருந்து இன்னொன்றை வாங்கிக்கொள்வது மாதிரி இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"நீ இல்லன்னதும் எனக்குக் கோவம்தான் வந்துச்சு" என்றாள். "அப்புறம் வேற ஒண்ணு தோணுச்சு. மூணு வருஷமா அந்தச் சாவி உன்கிட்ட இருந்திருக்குது. இங்க இந்த மேசையிலயே லேப்டாப்பை வுட்டுட்டு எத்தினி தடவை வெளிய போயிருக்கேன்? அதுல என் நாவல் மட்டும் இல்ல. என் மனுசன்கிட்டகூடக் காட்டாததெல்லாம் இருந்துச்சு. எத்தினி தடவை தொறந்தே, சொல்லு."

"ஒரு தடவைகூட இல்ல. சத்தியமா. சாவி அங்க இருக்குதுன்னே அன்னிக்குத்தான் தெரியும்."

"இருக்கலாம். அதை நான் எப்படி நம்பறது? இல்லன்னு சொன்னதும் நீதானே."

நான் மறைத்தது ஒன்று, செய்யாதது இன்னொன்று. மறைத்ததை மன்னித்தாலும், நான் திறந்து பார்க்கவில்லை என்பதை அவள் நம்ப வழியில்லை. அன்றைக்கு நான் எண்களைப் படித்துக் காட்டியிருந்தால், அவள் சிரித்துவிட்டு, இனி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருப்பாள், அவ்வளவுதான்.

"அதான் அழிச்சிடுங்கன்னு சொல்லிட்டேன்" என்றாள். "கெடுவுக்காக மட்டும் இல்ல. அந்தச் சாவி இனிமே எதையும் தொறக்கக் கூடாதுன்னுதான்."

உறையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை போய்விட்டு நின்றாள். "புழுக்கத்தைச் சொல்லிக் குடுத்தியே, அதுக்கு நன்றி" என்றாள். குத்திக்காட்டினாளா, உண்மையாகவே சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அவள் பிரான்சுக்குப் போனாள். முசியேயின் போனுக்குப் படங்கள் வரும். கல் வீடு, ஜன்னல், ஜன்னல் மேல் ஏதோ கொடி. முசியே ஆசையாக எனக்குக் காட்டுவார். நான் "அழகா இருக்குது" என்பேன். செய்த தவறு தெரிந்தால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. வெட்கம் வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது, இரண்டும் ஒரே பெஞ்சில். அந்த ஜன்னலுக்கு முன்னால் இருந்த நாற்காலியை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும்.

அந்த மாதங்களில் ஒருநாள் என் கணக்கைத் திறந்து பார்த்தேன். அவளுடைய சாவி அங்கேயே இருந்தது, எதையும் திறக்காத நாற்பத்தெட்டு எண்கள். நீக்கு என்பதை அழுத்தினேன். நிச்சயமாகவா என்று கேட்டது, நிச்சயம் என்றேன். பிறகு என்னுடைய சாவியைப் பார்த்தேன். என் கதைகள், அலுவலகத்துக்கு வந்த எத்தனையோ குடும்பங்களின் பிறப்பும் இறப்பும், எல்லாவற்றுக்குமான சாவி என்னைக் கேட்காமலே எங்கேயோ ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில். அந்த நிறுவனத்தில் இருக்கிறவர்களுக்கும் நல்ல நாள், கெட்ட நாள் இருக்கும். என்னைப் போல ஒருத்தி அங்கேயும் இருக்கலாம். எண்களைக் கையால் இரண்டு தாளில் எழுதி, மூன்று தடவை சரிபார்த்து, அங்கே இருந்ததை நீக்கிவிட்டேன். ஒரு தாளை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன். இன்னொன்றை வெளியே யாரிடமாவது கொடுத்துவைக்க வேண்டும் என்று நினைத்து, யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். எந்த முகத்தை நினைத்தாலும், அவருக்கு என்மேல் என்ன வருத்தம் இருக்கும் என்ற கேள்வியே முதலில் வந்தது. இன்னும் யாரிடமும் கொடுக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு அவள் அலுவலகத்துக்கு வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். போன வாரம் கூரியர் அலுவலகத்தில் பார்த்தேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் தள்ளி நின்றாள். திரும்பிப் பார்த்து, "நல்லாருக்கியா?" என்றாள். என் அம்மாவின் முட்டிவலியைப் பற்றிக் கேட்டாள். பிறகு, "இந்த வருஷம் பிரான்சுக்குப் போட்டிருக்கியா?" என்றாள்.

"போடலாம்னு இருக்கேன்."

"பத்துப் பக்கத்தை அச்செடுத்து அனுப்பு. பாத்துச் சொல்றேன்."

அவள் முறை வந்தது, போய்விட்டாள். அவ்வளவு சாதாரணமாக அதைச் சொல்ல அவளால் முடிந்தது. அதுவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பத்துப் பக்கத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.